சம்பளமில்லாத ஆசிரியர்கள்

உ.வே.சாமிநாதையரைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் பேச்சு 1880-ல்தான் ஆரம்பிக்கிறது. கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார்; அதிலிருந்து 1887-ல் சீவக சிந்தாமணிப் பதிப்பு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. ஏடு தேடி அலைந்த மனிதர் என்ற சித்திரம் நம் மனத்தில் நிலைத்துவிட்டது. அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எதிர்கொள்ளத் தகுதியான ஒருவர் எப்படி உருவானார் என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது. ஏடுகள் கிடைத்திருக்கலாம், அவற்றைப் படிக்கத் தெரிந்தவன் கிடைத்திருக்காவிட்டால் அவை பனையோலைகள்தாம்.

அப்படிப் படிக்கத் தெரிந்தவனைத் தயாரிக்கும் வேலை 1860-களில் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கிராமங்களில் நடந்தது. (மாவட்டங்கள் இரண்டும் புதியவை. பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது 1995-ல். அரியலூர் நிலையாகத் தனியானது 2007-ல்.) அந்த வேலையைச் செய்தது எந்தக் கல்லூரியும் அல்ல, மடமும் அல்ல. மடமும் கல்லூரியும் பிறகுதான் வருகின்றன.

சாமிநாதையரின் தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். ஜமீன் ஆதரவு நிச்சயமில்லாமல் போன காலத்தில் ஊர் ஊராகக் குடும்பத்தோடு போய், அருணாசலக் கவியின் இராம நாடகக் கீர்த்தனங்களைப் பாடி இராமாயணப் பிரசங்கம் செய்து ஜீவித்தவர். எந்த ஊரில் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டோ அந்த ஊரில் குடும்பம் தங்கியது. அரியிலூரில் சடகோபையங்கார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், இவரிடம் நன்னூல். செங்கணத்தில் (இன்று செங்குணம்) விருத்தாசல ரெட்டியார், இவரிடம் யாப்பருங்கலக்காரிகை. 1871-ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும்வரை பையனின் பாடத்திட்டம் இவ்வளவுதான். ஊர்களின் பெயர்களே வகுப்புகளின் பெயர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது விருத்தாசல ரெட்டியாரை. அவர் பெருங்குடியானவர். தமிழ் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில் அல்ல. அதனால் அவருக்குக் காசில்லை. யாப்பு இலக்கணத்தைக் கரைகண்ட ஒரு விவசாயி பெரம்பலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார் என்பதையும், அது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப்பார்க்க வேண்டும். குடும்பத்தின் நெல்லும் பருப்பும் ஊராரிடமிருந்து வந்தன. தகப்பனாரின் பிரசங்கத்தை ஊர் கேட்டது, அதற்குக் கொடுத்தது. பிள்ளையின் படிப்புக்கான செலவு அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. பட்ஜெட்டில் தனித் தலைப்பு இல்லாத கல்வி அது.

இத்தனைக்கும் தமிழ் படிப்பதால் லாபம் என்று யாரும் நினைக்கவில்லை. இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம், சம்ஸ்கிருதம் படித்தால் புண்ணியம், தமிழால் என்ன என்று கேட்டவர்கள் பையனைச் சுற்றிலும் இருந்தார்கள். அது நியாயமான கேள்வி. அதற்கு எவரும் வாதத்தால் பதில் சொல்லவில்லை. குன்னமும் செங்கணமும் சோற்றால் பதில் சொன்னன.

அன்று தமிழ் அழிந்துகொண்டிருந்ததா? பேச்சில் இல்லை. லட்சோபலட்சம் வாய்களில் அது பத்திரமாக இருந்தது. ஆனால் ஒரு மொழி ஒரேயடியாகச் சாவதில்லை. பகுதி பகுதியாகச் சாகும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் சிந்தாமணியை அதுவரை படித்ததில்லை என்பதே, பெரிய பகுதி ஒன்று வழக்கிலிருந்து போய்விட்டிருந்தது என்பதற்கு அத்தாட்சி. எஞ்சியது புராணமும் பிரபந்தமும் இலக்கணமும். அந்த எஞ்சிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் கிணற்றுக்குள் இறங்க முடிந்தது. கயிற்றை வைத்திருந்தவை கிராமங்கள்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த கதையாக இது ஆகிவிடும்: பழைய கிராமம், திண்ணை, தன்னலமில்லாத ஆசிரியர், எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் கெடுத்தான். 1822-ல் தாமஸ் மன்றோ மதராஸ் மாகாணத்தில் எடுக்கச்சொன்ன கணக்கில் 12,498 பள்ளிகள் இருந்தன என்பதைத் தரம்பால் 1983-ல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு எல்லோரும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே கணக்கில் பெண்பிள்ளைகள் எத்தனை சொற்பம் என்பதையும், சேரியிலிருந்து திண்ணைக்கு ஏறியவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை. சாமிநாதையரின் ஆசிரியர்களின் பெயர்களைத் திரும்பப் படியுங்கள். ஐயங்கார், பிள்ளை, ஐயங்கார், ரெட்டியார். ஊர் கொடுத்தது என்கிறோமே, ஊர் என்றால் நிலம் வைத்திருந்தவர்கள். அந்த நெல்லை நட்டு அறுத்தவர்களின் பிள்ளைக்கு அந்தக் காரிகை இல்லை. ‘சமூகமே நடத்திய கல்வி’ என்ற சொற்றொடர் இன்று உலகெங்கும் புனிதமாக உச்சரிக்கப்படுகிறது. எந்தச் சமூகம், அதற்குள் யார் என்ற கேள்வியைக் கேட்காத வரையில் அது வெறும் மங்களச் சொல்.

இதே மண்ணில் இன்னொரு முறையும் இருந்தது. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி. 1710-ல் இந்தியா வந்த இத்தாலியப் பாதிரி பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர், இங்கே வாழ்ந்தார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரும் வைத்தார். 1732-ல் சதுரகராதி. உபதேசிமாருக்காக வேதியர் ஒழுக்கம். பிற பாதிரிமார் மக்களோடு பேசுவதற்காக லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம். 1738-ல் அதை அச்சிட்டவர்கள், அவரோடு மதச் சண்டையிலிருந்த தரங்கம்பாடி லூத்தரன்கள். ஒரு தனிமனிதனின் உழைப்புக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் இது வெளியிலிருந்து வந்து, ஒரு ஸ்தாபனத்தின் பலத்தில், ஸ்தாபனத்தின் தேவைக்காகச் செய்த வேலை. அகராதியும் இலக்கணமும் கிடைத்தன. அவை தமிழுக்கு லாபம். தமிழ் அவற்றை நம்பியிருக்கவில்லை என்பதால்தான் அவை லாபம். அகராதியை மட்டுமே நம்பியிருக்கும் மொழியின் கதி வேறு.

பெஸ்கி ஏலாக்குறிச்சிப் பக்கம் உழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் கேள்விப்பட்டிருக்க முடியாத வேல்ஸ் நாட்டில், கிரிஃபித் ஜோன்ஸ் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் சுற்றும் பள்ளிகள் என்று ஒன்றை நடத்தினார். ஒரு வாத்தியார் ஓர் ஊருக்குப் போவார். வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் மூன்று மாதம் இருப்பார். வேல்ஸ் மொழியை வாசிக்க மட்டும் கற்பிப்பார். பகலில் குழந்தைகளுக்கு, இரவில் பெரியவர்களுக்கு. பிறகு அடுத்த ஊர். 1761-ல் ஜோன்ஸ் இறப்பதற்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் இரண்டு லட்சம் பேர் வரை படித்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. நோக்கம் மொழிப்பற்று அல்ல, பைபிள் வாசிப்பு. இருந்தாலும் இங்கிலீஷின் காலடியில் கிடந்த ஒரு சின்ன மொழி இருபதாம் நூற்றாண்டுக்குள் உயிரோடு நுழைந்ததற்கு அந்த மூன்று மாத வாத்தியார்களும் ஒரு காரணம். கட்டடம் இல்லை. மக்களின் வேலைக்கு ஏற்ப நாள் குறித்தார்கள். பள்ளிக்கு ஏற்ப மக்களை நிறுத்தவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூரில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. வேறு இடங்களிலும் உண்டு. நரிக்குறவர் என்பது நாம் வைத்த பெயர். தங்களை அவர்கள் வாக்ரி என்கிறார்கள், பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தியோடு உறவுள்ள இந்தோ-ஆரிய மொழி. எழுத்து கிடையாது. தமிழ் நாட்டின் பேருந்து நிலையங்களில் ஊசி, பாசிமணி விற்கிற இந்த மக்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டும் இருக்கிறோம். அது ஒரு மொழி என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியது? 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாயிற்று. வேட்டை போனால் அதன் சொற்களும் போகும்: தடம், பொறி, பறவையின் குரல், காற்றின் திசை. இன்னும் வீட்டிலும் சடங்கிலும் வழக்குத் தீர்ப்பிலும் வாக்ரி இருக்கிறது. சாமி மூட்டையை அவிழ்த்து எருமையோ ஆடோ பலி கொடுக்கிற நேரத்தில் தமிழ் உதவாது.

நான் வங்கியில் குமாஸ்தா. கவுண்டருக்கு ஒரு பாட்டியும் பேத்தியும் வருவார்கள். பேத்திக்குப் பத்து வயது இருக்கும். பணம் எடுக்கும் தாளைத் தமிழில் அவள்தான் பூர்த்தி செய்வாள், கையெழுத்து அழகு. தொகையை என்னிடம் தமிழில் சொல்லிவிட்டுப் பாட்டியிடம் வாக்ரியில் விளக்குவாள். பாட்டி ஏதோ கேட்பாள், இவள் சிரிப்பாள், பாட்டி கைநாட்டு வைப்பாள். ஆக மொழி இன்னும் சாகவில்லை. அது தாளுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் தாயாகும்போது வசதியான மொழி எதுவோ அதில்தான் தன் குழந்தையை அதட்டுவாள். மொழிகள் போகிற பாதை அந்த அதட்டல்தான்.

வாக்ரிபோலிக்கு இலக்கணம் இருக்கிறது. சீனிவாச வர்மா எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-ல் வெளியிட்டது. நீலகிரியில் 1930-களில் எமனோ தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்தது உலகப் புகழ் பெற்றது. இவை பெரிய காரியங்கள். ஆயினும் எமனோவின் புத்தகத்திலிருந்து எந்தத் தோடக் குழந்தையும் தோடாவைக் கற்றுக்கொள்ளவில்லை, தாயிடமிருந்துதான் கற்றுக்கொண்டது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. பல வருஷக் கோரிக்கை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பட்ஜெட், சௌராஷ்ட்ரம், படுகம், தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரவேற்க வேண்டியது. ஆனால் ஆவணம் என்ற சொல்லில் ஒரு சவக்கிடங்கு வாடை இருக்கிறது. பதிவு செய்கிறவர் யாருக்காகப் பதிவு செய்கிறார்? பாட்டியின் குரல் பல்கலைக்கழக அலமாரிக்குப் போகும். பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போவாள். இருவரையும் ஓர் அறையில் உட்காரவைக்க அந்தத் தொகையில் எவ்வளவு செலவாகும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

சமூகமே முன்வந்தால் போதும் என்பவர்களுக்குச் சௌராஷ்ட்ரம் ஒரு பாடம். மதுரைச் சௌராஷ்ட்ரர்களிடம் நெசவும் வியாபாரமும் இருந்தன, சபை இருந்தது, சொந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொ.மு.ராமராய் எழுத்தைச் சீர்செய்து பால பாடங்களையும் அச்சிட்டார். எதுவும் குறைவில்லை. ஆனால் பள்ளி பிள்ளைகளை முன்னேற்றும் பள்ளியாக இருந்தது. முன்னேற்றம் தமிழிலும் இங்கிலீஷிலும் நடந்தது. சொந்த எழுத்தா, தேவநாகரியா, தமிழ் எழுத்தா என்ற சண்டை தலைமுறைகளாக நடந்தது. சண்டை நடக்கும்போதே பிள்ளைகள் தமிழில் படித்துப் பெரியவர்களாகிவிட்டார்கள். மணிக்கொடிக்காரர்களில் ஒருவரான எம்.வி.வெங்கட்ராமின் தாய்மொழி சௌராஷ்ட்ரம். 1993-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘காதுகள்’ தமிழ் நாவல். தமிழ் அடைந்த லாபத்தைக் கொண்டாடுகிறோம், சரி. அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்று நம் விமர்சனத்தில் ஒருவரும் கேட்டதில்லை. மக்கள் தொகைக் கணக்கெடுப்போ சௌராஷ்ட்ரத்தைக் குஜராத்தியின் கீழ் ஒரு தாய்மொழியாக எழுதிவிட்டுப் போய்விடுகிறது.

பணமும் சபையும் எழுத்தும் இருந்து இங்கே நடக்காதது, வேறோர் இடத்தில் நடந்தது. 1982-ல் நியூஸிலாந்தில், வெலிங்டனுக்குப் பக்கத்தில், மாவோரிகள் முதல் ‘கோஹங்க ரேயோ’வைத் தொடங்கினார்கள். மொழிக் கூடு என்று பொருள். பள்ளியில் மாவோரி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு மொழியைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருந்தது. நடுவில் ஒரு தலைமுறை ஊமை. ஆகவே கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் நேராகச் சேர்த்தார்கள். பாடப் புத்தகம் இல்லை. ஒரே ஒரு விதி: கூட்டுக்குள் மாவோரி மட்டும். சோறு ஊட்டுவது, அதட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அதில். மூன்று நான்கு வருஷங்களில் நூற்றுக்கணக்கான கூடுகள். 1987-ல் மாவோரி அரசு மொழியாயிற்று. சட்டம் கடைசியில் வந்தது. கிழவிகள் முதலில் வந்தார்கள். மாவோரி இன்று முற்றிலும் பிழைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதை முதல் மொழியாகக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் மறுபடியும் உண்டானார்கள் என்பது மட்டும் உண்மை.

எறையூரில் ஒரு தகப்பன் என்னிடம் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். வாக்ரி படித்து என் மகள் என்ன செய்வாள்? எங்களுக்குப் பட்டா வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும், அவளுக்கு இங்கிலீஷ் வேண்டும். சாமிநாதையரின் உறவினர்கள் கேட்ட அதே கேள்வி, அதே நியாயத்தோடு. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே இங்கிலீஷின் இடத்தில் முதலில் நிற்பது தமிழ். தமிழ் என்றால் எப்போதும் ஒடுக்கப்பட்ட கட்சி என்று எண்ணிப் பழகிவிட்டோம். வடக்கைப் பார்த்தே கழுத்து திரும்பிப்போயிற்று. எறையூரில் தமிழ்தான் ஆளும் பாஷை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது தமிழ். கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டுவது தமிழ்.

அந்தத் தகப்பனுக்கு நான் வாதம் சொல்லத் தயாரில்லை. ஏழைப் பிள்ளையைத் தாய்மொழியில் மட்டும் படி என்று உபதேசிப்பது, தன் பிள்ளையைக் கான்வென்டுக்கு அனுப்பிவிட்டுத் தமிழ் வாழ்க என்று மேடையேறுவதன் இன்னொரு வடிவம். தமிழும் இங்கிலீஷும் அவளுக்கு வேண்டும். அதில் குறை வைக்கக்கூடாது. கேள்வி அதற்கு மேல் என்ன என்பதே. சம்பாத்தியம் தராத ஒரு மொழிக்கான கூடுதல் செலவை யார் ஏற்பது? குன்னத்தில் ஊர் ஏற்றது; ஊரிடம் நெல் இருந்தது. பாசிமணி விற்றுத் திருவிழாவுக்குத் திருவிழா அலைகிற மக்களிடம், உங்கள் மொழியை நீங்களே காப்பாற்றிக்கொள்ளுங்கள், சமூகமே நடத்தும் கல்விதான் சிறந்தது என்று சொல்வது கைகழுவல். தலைமை அவர்களுடையதாகவும் செலவு நம்முடையதாகவும் இருப்பதே நியாயம் என்பது என் கட்சி. நாம் நீளமாகப் பேசிவருவது தலைமையைப் பற்றி. செலவைப் பற்றிப் பேச்சில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமும் அல்ல. அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு, 1956-லிருந்தே, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்யச் சொல்கிறது. எழுத்துச் சண்டை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்து வேண்டியதில்லை. குடியிருப்பின் அங்கன்வாடியில் வாக்ரி பேசும் பாட்டி ஒருத்தியை, கௌரவத்துக்காக அல்ல, மாதச் சம்பளத்துக்கு உட்காரவைக்கலாம். வியாபாரத்துக்குப் போகும் மாதங்களையும் ஊரில் தங்கும் மாதங்களையும் அவர்களே சொல்லட்டும். கிரிஃபித் ஜோன்ஸ் செய்ததுபோல் நாளை அதற்கேற்பக் குறிக்கலாம். ஒரு வேளை கூடிப்பேசி, வேண்டாம் என்றே அவர்கள் முடிவு செய்யலாம். அதுவும் அவர்கள் முடிவாக இருக்கட்டும். இப்போது நடப்பது முடிவு அல்ல, கவனக்குறைவு. அவர்களுடையதல்ல, நம்முடையது.

விருத்தாசல ரெட்டியார் தமக்குத் தெரிந்த காரிகையைச் சொல்லிக்கொடுத்து முடித்ததும், இதற்கு மேல் பிள்ளையவர்களிடம்தான் போக வேண்டும் என்று பையனுக்கு வழிகாட்டினார். தன் எல்லை தெரிந்த ஆசிரியர் அவர். செங்கணத்துக்கு அப்பால் ஒரு மாயூரம் இருந்தது. மாயூரத்துக்கு அப்பால் திருவாவடுதுறை. அதற்கும் அப்பால் எங்கோ மச்சில் கட்டுக்கட்டாக ஏடுகள். வாக்ரிக்கு அப்படி வரிசை கிடையாது. ஏடு இல்லை, மடம் இல்லை, தேடிப்போய் மீட்டெடுக்க எந்த வீட்டு மச்சிலும் ஒன்றும் இல்லை. செங்கணம், மாயூரம் இரண்டும் அந்தப் பாட்டிதான். பணம் எடுக்கும் தாளில் அவளுடைய பிறந்த தேதி இராது. பாஸ்புத்தகக் கணக்குப்படி அவளுக்கு வயது எழுபத்தொன்று.